கடவுள் இல்லாமல் நடந்த கல்யாணம்

எரியும் கற்பூரத்தை நாக்கில் வைத்து வாயை மூடி அணைத்துவிட்டு, "இதில் எந்தச் சாமியும் வரவில்லை, எச்சில்தான் வந்தது" என்று சொல்லும் மனிதர் ஒருவரிடம் சில வருடங்கள் இருந்தேன். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர். பழங்காநத்தத்தில் வீடு. ஊர் ஊராகப் போய் மூடநம்பிக்கை ஒழிப்புக் கூட்டம் நடத்துவார். நான் மைக் செட்டை ஏற்றி இறக்குவேன், போஸ்டர் ஒட்டுவேன், மேஜையில் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் ஆணிப் பலகையும் எடுத்து வைப்பேன். சாப்பாடு அவர் வீட்டில்.

அதற்கு முன்னால் நான் எங்கும் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியதில்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. திருப்பூரில் பனியன் மடித்தேன், நாக்பூர் லாரியில் கிளீனராகப் போனேன், கொல்லத்தில் புரோட்டாவுக்கு மாவு பிசைந்தேன். மதுரைக்குத் திரும்பி ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பார்சல் தூக்கிக்கொண்டு அங்கேயே படுத்துக் கிடந்தபோதுதான் அவர் ஒரு தகரப் பெட்டியோடு தேனி பஸ்ஸிலிருந்து இறங்கினார். "தோழர், இதைக் கொஞ்சம் பிடிக்கிறீங்களா?" என்றார். அதுவரை என்னை யாரும் 'நீங்க' என்று சொன்னதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே போய்விட்டேன்.

அவர் மனைவி பள்ளிக்கூடத் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் டீச்சர் என்றுதான் கூப்பிடுவேன். பிள்ளைகள் இல்லை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் 'தோழர்' என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். அந்த வார்த்தையைச் சொல்லித்தான் சண்டையும் போடுவார்கள். அவர்களுடையது சுயமரியாதைத் திருமணம். தாலி இல்லை, ஐயர் இல்லை, வேண்டுமென்றே ராகு காலத்தில் ஒரு மேடையில் மாலை மாற்றிக்கொண்டவர்கள். அதன் பிறகு மதுரையைச் சுற்றிய ஊர்களில் அதே மாதிரி எத்தனையோ கல்யாணங்களை அவர் நடத்தி வைத்திருக்கிறார். ஊருக்கு வெளியே இருக்கும் காலனிகளுக்குப் புரோகிதர் யாரும் வரமாட்டார்கள். இவர் டவுன் பஸ் பிடித்துப் போவார், அரைமணி நேரம் பேசுவார், மாலையை எடுத்துக் கொடுப்பார், டீயும் மிக்சரும் சாப்பிட்டுத் திரும்புவார்.

இப்படிப்பட்டவர் ஒரு அஸ்பெஸ்டாஸ் கொட்டகையில், தரையில் விரித்த பாயில், வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முழங்காலில் நின்றதை என் கண்ணால் பார்த்தேன். பார்த்து இவ்வளவு நாளான பிறகும் எனக்கு அந்த ஆச்சரியம் அடங்கவில்லை.

வண்டியூருக்கு அந்தப் பக்கம், ரிங் ரோட்டைத் தாண்டி, சபை நடத்துகிற ஒரு பாஸ்டர் வியாதியஸ்தர்களுக்காக ஜெபிக்கிறார் என்று நோட்டீஸ் வந்தது. அவரை அம்பலப்படுத்தத்தான் போனோம். என் வேலை போனில் வீடியோ எடுப்பது. பாஸ்டர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். விவசாயக் கூலிகளின் மகன், லேத் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு ஊழியத்துக்கு வந்தவர். ரொம்பக் கண்டிப்பான சபை. பெண்கள் முக்காடு போட்டிருந்தார்கள். காதில் கழுத்தில் ஒன்றுமில்லை. சினிமா கூடாது, டிவி கூடாது, பொட்டு கூடாது, பொங்கல் கூடாது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம்.

சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போன ஒரு சுமைதூக்கும் தொழிலாளியை முன்னால் உட்கார வைத்தார்கள். எல்லோரும் சத்தமாக ஜெபித்தார்கள். 'நீ சுகமாகிவிட்டாய், எழுந்து நட, மாத்திரையைத் தூக்கிப் போடு' என்று பாஸ்டர் சொல்லும் இடத்துக்காகப் பேராசிரியர் காத்திருந்தார். நானும் போனைச் சரியாகப் பிடித்தேன். பாஸ்டர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாளைக்கு ஆஸ்பத்திரியில் அண்ணனுக்கு ரத்தம் சுத்திகரிக்கிற நாள், கூட்டிக்கொண்டு போகிற முறை யாருடையது என்று கேட்டார். இரண்டு பேர் கை தூக்கினார்கள். அவ்வளவுதான். பாட்டுப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

வெளியே வந்ததும் பேராசிரியர் சொன்னார், "இன்னைக்கு உஷாராயிட்டான். அடுத்த வாரம் பிடிச்சிரலாம்."

அடுத்த வாரமும் போனோம். அதற்கடுத்த வாரமும் போனோம். நான் வீடியோ எடுப்பதை நிறுத்திவிட்டேன், எடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்த மனிதர் குணமாகவில்லை. ஒவ்வொரு வாரமும் இன்னும் வீங்கி, இன்னும் கறுத்து வந்தார். அவர்கள் ஜெபித்தார்கள், முறை வைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள், அவர் வீட்டுக்கு அரிசி கொடுத்தார்கள். ஒருநாள் அவர் இறந்துபோனார்.

அடக்கத்துக்கும் போயிருந்தோம். குழி வெட்ட வந்த ஆள் பாதியில் போய்விட்டதால் பாஸ்டரே சட்டையைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கி வெட்டினார். வெட்டும்போது அழுதார். அழுதுகொண்டே, எங்கள் ஜெபம் கேட்கப்படவில்லை ஆண்டவரே, ஆனாலும் நீர் நல்லவர் என்று சத்தமாகச் சொன்னார். பேராசிரியர் குழி விளிம்பில், மண் மேட்டின் மேல் நின்றிருந்தார்.

பின்னால் ஒருநாள் அவராகவே சொன்னார்: "குணமாகியிருந்தா எப்படிக் குணமாச்சுன்னு நான் விளக்கியிருப்பேன், தோழர். குணமாகல. அவங்க கடவுள விட்டுட்டுப் போகவும் இல்ல. அதுக்கு என்கிட்ட விளக்கம் இல்ல."

தான் முழங்காலில் நின்றதற்கு அது மட்டும் காரணமில்லை என்றும் சொன்னார். மீதியைச் சொல்ல முயன்றார், சொல்ல வரவில்லை. மைக் முன்னால் மூன்று மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் பேசுகிறவர் அவர். பைபிளைத் தர்க்கம் பண்ணுவதற்காகப் பல தடவை படித்தவர். இப்போது அதே புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு பக்கத்திலேயே காலை முழுக்க உட்கார்ந்திருப்பார். உதடு மட்டும் அசையும். நான் டீயைப் பக்கத்தில் வைத்துவிட்டு வருவேன். ஆறிக் கிடக்கும்.

செய்தி பரவியது. பழைய தோழர்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள். சிலர் வீட்டுக்கே வந்து வாதம் பண்ணினார்கள். சின்ன வயதிலிருந்து கூடவே இருந்த ஒருவர், "மாப்ள, டாக்டர் எதும் நாள் குறிச்சிட்டானா? சொல்லு, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றார்.

"சுகர் மட்டும்தான் மாப்ள. அது உனக்கும் இருக்கு."

பக்கத்துத் தெருவில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்தவர் ஒருவர், பரம்பரைக் கிறிஸ்தவர். அவருக்கு வேறு விதமான வருத்தம். வருவது என்று முடிவு பண்ணினால் எங்கள் சர்ச்சுக்கு வந்திருக்கலாமே சார், பெஞ்சு இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, பாய்மேல் உட்கார்ந்து கைதட்டுகிற கூட்டத்துக்கா போவது என்று கேட்டார். பாதி நம்புவதாக இருந்தால் நான் பழைய இடத்திலேயே இருந்திருப்பேன் என்று இவர் பதில் சொன்னார்.

டீச்சர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "உங்களுக்குச் சரின்னு பட்டா போங்க தோழர். என்னைக் கூப்பிடாதீங்க" என்று ஒரே பேச்சாக முடித்துவிட்டார். என்னிடம் சொல்லிச் சிரிப்பார்: "அப்பவும் எந்த வீட்டுப் பிரசாதமும் சாப்பிட மாட்டாரு, இப்பவும் சாப்பிட மாட்டாரு. அப்பவும் கோயில் பக்கம் போக மாட்டாரு, இப்பவும் போக மாட்டாரு. நல்ல நேரம் பாக்கக் கூடாதும்பாரு, இப்பவும் அதையேதான் சொல்றாரு. எனக்கு என்னப்பா வித்தியாசம்? ஞாயித்துக்கிழமை கறி எடுக்க ஆள் இல்ல, அம்புட்டுதான்."

அந்தச் சிரிப்பு, அவர் ஞானஸ்நானம் கேட்கும் வரைக்கும்தான்.

அந்தச் சபையில் தண்ணீரில் இறக்குவதற்கு முன்னால் பாஸ்டர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசுவார். குடி, கடன், குடும்பம் எல்லாவற்றையும் விசாரிப்பார். பேராசிரியரிடம் கல்யாணத்தைப் பற்றி விசாரித்திருக்கிறார். எந்த முறையில் நடந்தது, யாருக்கு முன்னால் வாக்குக் கொடுத்தீர்கள் என்று. வேறு யாராக இருந்தாலும் சமாளித்திருப்பார்கள். இவர் வாழ்நாள் முழுக்க ஒரு கேள்விக்கு அதற்குரிய பதிலை மட்டும் சொல்லிப் பழகியவர். கடவுள் இல்லை என்று அறிவித்துவிட்டு, அதையே காரணமாகச் சொல்லி, மேடையில் செய்துகொண்ட ஒப்பந்தம் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்.

பாஸ்டர் கலங்கிவிட்டார். தேவன் இல்லை என்று சொல்லித் தொடங்கியது எப்படித் தேவனுக்கு முன் கல்யாணமாகும் என்பது அவருடைய சந்தேகம். அம்மாவை ஒருநாள் கூட்டி வாருங்கள், ஜெபித்து இணைத்துவிடுகிறேன், பத்து நிமிஷ வேலை என்றார். அதுவரை இருவரும் பிரிந்திருப்பதுதான் ஒழுங்கு என்றும் சொல்லிவிட்டார்.

டீச்சர் அதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டே இருந்தார். நான் கூடத்தில் இருந்தேன். பிறகு சொன்னார்: "பத்து நிமிஷம்தான். நின்னுட்டு வந்துரலாம். ஆனா அந்தப் பத்து நிமிஷம் நான் அங்க நின்னா, இம்புட்டு வருஷம் இருந்தது ஒண்ணுமில்லன்னு என் வாயாலயே சொன்ன மாதிரி. அதை நான் செய்ய மாட்டேன், தோழர்."

அவர் வற்புறுத்தவில்லை. மறுநாள் காலையில் இரண்டு வேட்டி, பைபிள், இன்சுலின் ஊசி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு சபைக்குப் பின்னால் இருந்த சின்ன அறைக்குப் போய்விட்டார். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். டீச்சர் வாசல்வரை வந்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆச்சரியம் என்று சொன்னேனே, அதில் பயமும் கலந்தது அந்தச் சமயத்தில்தான். ஒரு மனிதர் இப்படிக்கூட ஒன்றுக்குக் கீழ்ப்படிவாரா? சாமியாடிகளுக்கு முன்னால் சவுக்கடிக்குப் பயப்படாமல் நின்றவர். கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒற்றை ஆளாக உட்கார்ந்தவர். இப்போது ஒரு லேத் பட்டறைக்காரர் சொன்னார் என்று, தன்னுடைய வீட்டை விட்டு வந்து சிமெண்ட் மூட்டை அடுக்கிய அறையில் படுத்திருந்தார்.

தினமும் மத்தியானம் நான் டிபன் கேரியர் கொண்டுபோனேன். டீச்சர் அவருக்குத் தனியாக, சர்க்கரைக்குத் தகுந்த மாதிரி சமைத்துத் தருவார். ஒரு வார்த்தை சொல்லி அனுப்ப மாட்டார். திரும்பி வந்ததும், "ஊசி போட்டாரா?" என்று மட்டும் கேட்பார். வீட்டில் அவர் உட்காரும் நாற்காலியில் துவைத்த துணிகளை மடித்து வைக்க ஆரம்பித்திருந்தார். ஒருநாள் கேரியரை என் கையில் கொடுத்துவிட்டு விடாமலேயே நின்றார். "தாலி கட்டியிருந்தா அத்துக்கிட்டாவது அழலாம். எனக்கு அதுவும் இல்ல பாருப்பா" என்றார். எத்தனையோ ஊரில் எத்தனையோ பேர் அழுது பார்த்திருக்கிறேன். இவர் அழாமல் சொன்னது தாங்க முடியவில்லை.

அன்றைக்கு அறையில் அவரிடம் கேட்டேவிட்டேன். "தோழர், டீச்சர் உங்க பொண்டாட்டி இல்லையா?"

சோற்றைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"அவதான் என் பொண்டாட்டி. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"அப்ப ஏன் இங்க கெடக்கீங்க?"

"இத்தனை வருஷம் எனக்குத் தெரிஞ்சத மட்டும் வச்சு நடந்தேன், தோழர். இந்த ஒரு தடவை எனக்குத் தெரியாததுக்குக் கீழ்ப்படிஞ்சு பாக்குறேன். தப்பா இருந்தா அவரே திருத்துவாரு."

அவர் சொன்ன 'அவர்' பாஸ்டர் இல்லை என்று தெரிந்தது. கண்ணீர் தட்டில் விழுந்தது. அதைத் துடைக்காமல் சாப்பிட்டு முடித்தார். மீதம் வைக்கவில்லை.

நான் இதை வீட்டில் வந்து அப்படியே சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டீச்சர் இஸ்திரி போட்ட நூல் சேலை கட்டிக்கொண்டு, "வண்டிய எடுப்பா" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாட்சி சொல்லும் நேரம். அந்தச் சபையில் பாட்டு முடிந்ததும் யார் வேண்டுமானாலும் எழுந்து, கடவுள் தங்கள் வாழ்க்கையில் செய்ததைச் சொல்லலாம். மாடு கிடைத்தது, மகனுக்கு வேலை கிடைத்தது என்று சொல்வார்கள். டீச்சர் பெண்கள் பக்கம் கடைசியில் நின்றார். ஒரு பெண் தன் பையிலிருந்து துண்டை எடுத்து முக்காட்டுக்கு நீட்டினார். டீச்சர் தலையசைத்து வேண்டாம் என்றார். ஆண்கள் பக்கம் பேராசிரியர் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

வகுப்பில் பேசுகிற குரலில் டீச்சர் பேசினார். அதிகம் பேசவில்லை. எனக்கு உங்கள் கடவுள்மேல் நம்பிக்கை இல்லை, இருப்பதாகச் சொல்லி உங்களை ஏமாற்றவும் வரவில்லை என்றார். அன்று மேடையில் இருவரும் என்ன வாக்குக் கொடுத்தோம் என்பதை வரிசையாகச் சொன்னார். ஒருவரை ஒருவர் அடிமையாக நடத்த மாட்டோம், வியாதியிலும் வறுமையிலும் கைவிட மாட்டோம், சாகிறவரை நண்பர்களாக இருப்போம். அதில் எதையும் இவர் இன்றுவரை மீறியதில்லை, நானும் மீறியதில்லை என்றார்.

"கருவுல ரெண்டு புள்ளைகள இழந்தப்ப இவர்தான் என்னைக் குளிப்பாட்டுனாரு. அது கல்யாணம் இல்லைன்னா, எதைக் கல்யாணம்னு சொல்றதுன்னு எனக்குத் தெரியல. இவருக்குத் தண்ணில இறங்கணுமாம். அதுக்கு நான் குறுக்க நிக்கல. என்னைக் கழிச்சுட்டுத்தான் இறங்கணும்னா, அதை என் முன்னால சொல்லுங்க. அதைக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

ஃபேன் இல்லாத கொட்டகை. கூரையின் சூடு இறங்குவது காதில் கேட்கிற மாதிரி இருந்தது.

அப்போது பெண்கள் நடுவிலிருந்து வயதான ஒரு அம்மா தரையில் கை ஊன்றி எழுந்தார். களையெடுக்கப் போகிறவர். "பாஸ்டர், நான் ஒண்ணு கேக்குறேன், கோவிக்காதீக" என்றார். "எங்க கல்யாணத்தையும் இந்த ஐயாதான நடத்தி வச்சாக. இவுக கல்யாணம் செல்லாதுன்னா, நானும் அந்தா ஒக்காந்திருக்க மனுசனும் இம்புட்டு நாளா என்ன ஒறவு? எனக்கு நாலு புள்ளைக."

அந்தா உட்கார்ந்திருந்த மனுசன் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டார். பின்னாலிருந்து யாரோ, "எங்களுதும் அவரு பண்ணுனதுதேன்" என்றார். இன்னொரு கையும் உயர்ந்தது. இவர்களுக்கெல்லாம் முந்தைய பாஸ்டர் ஞானஸ்நானம் கொடுத்திருந்தார், அவர் இதையெல்லாம் கேட்டதில்லை. பேராசிரியர் முதல்நாள் கொட்டகைக்குள் வந்தபோதே இவர்கள் அவரை அடையாளம் கண்டிருக்கிறார்கள். கூச்சத்தில் சொல்லவில்லை. அவருக்குத்தான் யார் முகமும் ஞாபகமில்லை. இப்போது தலையைத் தூக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப எங்க எல்லாத்தையும் பிரிச்சுவிட்டா, எங்க மனுசங்க எல்லாம் அந்த ஒத்த ரூமுக்குள்ள படுக்க முடியாது பாஸ்டர்" என்றார் அந்த அம்மா. பெண்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

பாஸ்டர் சிரிக்கவில்லை. திரும்பி, சுவரைப் பார்த்து முழங்காலில் விழுந்தார். நீண்ட நேரம் அப்படியே இருந்தார். நான் பல மதத்துப் பெரிய மனிதர்களுக்குச் சாமான் தூக்கியிருக்கிறேன். தங்களுடைய கூட்டத்துக்கு முன்னால் தப்பு என்று சொன்ன ஒருவரைப் பார்த்ததில்லை. இவர் எழுந்தபோது முகமெல்லாம் நனைந்திருந்தது.

"இவுக கல்யாணத்துல தேவன் இல்லைன்னு நான் நெனச்சேன். இவுக கூப்புடல, வாஸ்தவம். கூப்புடலைன்னா அவர் வராம இருந்திருப்பாரா? எல்லா எடத்துலயும் இருக்காருன்னு வாரா வாரம் நாந்தேன் பிரசங்கம் பண்றேன். நான் அவசரப்பட்டுட்டேன். அம்மா, நீங்க மன்னிக்கணும்."

"அவரு வந்தாரா இல்லையாங்கறது உங்க பாடு" என்றார் டீச்சர். "நான் பாக்கல. இவர வீட்டுக்கு அனுப்புங்க. ஞானஸ்நானத்தக் காலையிலயே வைங்க. சுகர்காரரு, பசி தாங்க மாட்டாரு."

அதற்குப் பிறகு டீச்சர் அந்தக் கொட்டகைக்குள் போனதில்லை. ஆனால் ஞானஸ்நானத்தன்று தோப்புக்கு வந்தார். சபைக்காரர் ஒருவருடைய தென்னந்தோப்பு. மோட்டார் தண்ணீர் விழுகிற பெரிய சிமெண்ட் தொட்டி. நாங்கள் போனபோது கரண்ட் இல்லாததால் தொட்டி பாதிதான் நிரம்பியிருந்தது. கரண்ட் வரும்வரை எல்லோரும் வரப்பில் நின்று பாடினார்கள். டீச்சர் பாடவில்லை. தென்னை நிழலில் ஒரு துண்டையும் மாற்று வேட்டியையும் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

பேராசிரியர் வெள்ளை உடையில் படியிறங்கினார். தண்ணீர் இடுப்பளவு இருந்தது. பாஸ்டர் ஒரு பக்கம், களையெடுக்கிற அம்மாவின் கணவர் ஒரு பக்கம், தோளைப் பிடித்துக்கொண்டார்கள். விசுவாசிக்கிறீர்களா என்று பாஸ்டர் கேட்டார். விசுவாசிக்கிறேன் என்று இவர் சொன்னார். மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கும் கேட்கிற அவருடைய பழைய குரல் இல்லை அது. பக்கத்தில் இருக்கிறவருக்கு மட்டும் சொல்கிற மாதிரி சொன்னார். பின்பக்கமாகச் சாய்த்தார்கள். நரைத்த தலை தண்ணீருக்குள் போனது. தண்ணீர் மூடிக்கொண்டது.

எனக்கு அந்த நம்பிக்கை இன்றும் வரவில்லை. வராது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஒரு நொடி தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, உள்ளே போனவர்தான் திரும்ப வருவாரா என்று உண்மையாகவே சந்தேகம் வந்தது.

வந்தார். இருமிக்கொண்டே, கண் திறக்க முடியாமல், தொட்டியின் விளிம்பைத் தடவிக்கொண்டு படியேறினார். சுற்றி எல்லோரும் அல்லேலூயா சொன்னார்கள். டீச்சர் நிழலைவிட்டு வந்து, எட்டி அவர் தலையில் துண்டைப் போட்டுத் துவட்ட ஆரம்பித்தார்.

"காதுல தண்ணி போயிருக்கும். தலையச் சாய்ங்க, தோழர்."

அவர் தலையைச் சாய்த்தார்.